விண்மீனுக்கும் பிறப்புண்டு

பெரும்போக அறுவடை முடியும் மாசி மாதத்திலே, கல்முனைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல்வெளியில் ஓரிரவேனும் தங்கியவர்கள் வானம் எத்துணைப் பெரிய பொருள் என்பதை அறிவார்கள். மாரி ஓய்ந்து முகில் கலைந்த காலம் அது. ஊர் விளக்குகள் கிழக்கே தென்னைகளுக்கு அப்பால் மங்கிக் கிடக்க, தலைக்கு நேரே மூன்று மீன்கள் ஒரே வரிசையில் நின்று ஒளிவிடும். என் மூத்தப்பா வயற்காரர், எழுத்தறியாதவர். சூடு மிதிக்கும் இரவுகளில் களவெட்டியின் ஓரத்திலே வைக்கோலைப் பரப்பி என்னைப் படுக்க வைத்து, அம்மூன்று மீன்களையும் சுட்டிக் காட்டுவார். அவற்றின் பெயரை அவர் அறிந்திலர். ஆயினும் அவை மேற்கே சாயும் அளவைக் கொண்டு, சாமம் இத்தனை கடந்தது என்று தவறாமற் சொல்லுவார். "அதுகள் ஆதியில இரிந்து அப்படியேதான் இரிக்கி மகன்" என்பது அவர் வாக்கு.

நெடுங்காலம் யானும் அதனையே நம்பியிருந்தேன். மனிதர் பிறக்கின்றனர், மடிகின்றனர், ஆறுகள் போக்கு மாறுகின்றன, கரைகள் அரிக்கப்படுகின்றன, விண்மீன் ஒன்றே மாறாதது என்பது என் எண்ணம். அந்த எண்ணம் காரணமாக ஒரு மாணவிக்கு யான் இழைத்த தவறொன்றைச் சொல்லித் தொடங்குவதே இக்கட்டுரைக்கு முறையாகும்.

ஒரு கொப்பியின் கதை

1998ஆம் ஆண்டு. பத்தாந்தர மாணவர்க்கு 'இரவு வானம்' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். பெரும்பாலோர் நிலவையும் தென்றலையும் பாடி முடித்தனர். ஒரு மாணவி மட்டும், விண்மீன்களும் பிறந்து, வளர்ந்து, முதுமையுற்று, மடிகின்றன என்று எழுதியிருந்தாள். அவ்வாக்கியத்தின் கீழே சிவப்பு மையாற் கோடிட்டு, ஓரத்தில் 'மரபு வழு' என்று எழுதினேன். உயிருள்ளவற்றுக்கு உரிய வினைகளை உயிரற்ற பொருளுக்கு ஏற்றிச் சொல்லிவிட்டாள் என்பது என் தீர்ப்பு. இரண்டு புள்ளிகளையும் குறைத்தேன். அவள் கொப்பியை வாங்கி, அவ்வெழுத்தைச் சற்றே நோக்கி, ஒன்றும் பேசாது தன் இருக்கைக்குச் சென்றாள்.

ஆண்டுகள் பல கழிந்தன. அவள் விஞ்ஞானம் கற்று, இக்கரையூர்ப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக அமர்ந்தாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், மாணவர்க்கு வானியல் பற்றி உரையாற்றத் தக்க தமிழ்ச்சொற்கள் வேண்டும் என்று என் வீட்டுக்கு வந்தாள். பேச்சின் இடையே பழைய கட்டுரையை நினைவூட்டினாள். எனக்கு நாணம் பிடித்துக்கொண்டது.

"அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறதா மகள்?" என்று கேட்டேன்.

"2004 இல வீட்டோட கடல் கொண்டு போயிட்டு சேர். அந்தச் சிவப்பு மை மட்டும் போகல்ல" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆயினும் அவ்வாண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்து எங்கள் ஊர்களில் எதனையெல்லாம் கொண்டு போயிற்று என்பதை அறிந்த எனக்கு, அச்சொல் எளிதாய்ப்படவில்லை. அன்றிலிருந்து அவளே எனக்கு ஆசிரியையானாள். யான் சொற்களைத் தந்தேன். அவள் பொருளைத் தந்தாள். அங்ஙனம் கற்றவற்றையே ஈண்டு வரைகின்றேன்.

பெயர்களிற் பொதிந்த அறிவு

வானத்துச் சுடர்களைப் பழந்தமிழர் இருவகையாகப் பகுத்தனர். ஒன்றற்கொன்று இடம் மாறாது நிற்பவை நாள்மீன்கள். அவற்றினிடையே இடம் பெயர்ந்து திரிபவை கோள்மீன்கள். பட்டினப்பாலையில் இவ்விரு சொற்களும் அருகருகே அமைந்திருத்தலைக் கற்றோர் அறிவர். வெறுங் கண்ணால் நோக்கிய மக்கள், தாமே ஒளிர்வனவற்றையும் பிறிதொன்றன் ஒளியால் விளங்குவனவற்றையும், காரணம் அறியாமலே சரியாகப் பிரித்து வைத்தனர் என்பது வியத்தற்குரியது.

அரபு மொழியும் வானுக்குப் பெயர் தந்த மொழியாகும். நாம் ரோகிணி என்பதை உலகத்தார் அல்டெபரான் என்பர். 'பின்தொடர்வது' என்னும் பொருளுடைய அரபுச் சொல் அது. கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து எழுதலின் அப்பெயர் பெற்றது. நாம் திருவாதிரை என்பதை அவர்கள் பெட்டல்ஜூஸ் என்பர். ஜவ்ஸாவின் கை எனப் பொருள்படும் 'யத் அல்-ஜவ்ஸா' என்பதே அதன் மூலம். இரண்டு புள்ளி பெறும் யா என்னும் எழுத்தை ஒரு புள்ளி பெறும் பா என்று ஐரோப்பியர் பிறழ வாசித்தமையால் அப்பெயர் உருத்திரிந்தது என்பர் அறிஞர். புள்ளியில்லா ஏட்டுச் சுவடிகளை வைத்துக்கொண்டு அல்லற்படும் தமிழ்ப் பண்டிதர்க்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது. பாரசீகத்து ரய் நகரிற் பிறந்த அல்-ஸூஃபி என்பார், 964ஆம் ஆண்டளவில் தாம் இயற்றிய விண்மீன் நூலில், அந்திரமேதா மண்டலத்திலே ஒரு சிறு முகில் உண்டு என்று குறித்தார். அது நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள பிறிதொரு விண்மீன் பேரூர் என்பது இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று.

பெயரிட்டோர் எவரும் பிறப்பைப் பற்றிக் கேட்டிலர். கேட்டற்கு வழியும் இல்லை. ஒரு விண்மீனின் வாழ்நாள் கோடிக்கணக்கான ஆண்டுகள். மனிதனுடையதோ நூறு ஆண்டும் நிரம்பாது. ஒரு நாளே வாழும் ஈசல், ஆலமரம் வளர்வதை எங்ஙனம் காணும்? ஆயினும் காட்டிற் புகுந்த ஈசல் ஒன்று, முளையையும் கன்றையும் முதிர்மரத்தையும் பட்ட மரத்தையும் ஒரே நாளில் ஒருங்கே கண்டு, இவையெல்லாம் ஒரே வாழ்வின் பல பருவங்கள் என்று உய்த்துணருமாயின், அதனை அறிவுடைய ஈசல் எனலாம். வானியலார் செய்தது அதுவே.

முகிலினின்று மீன்

மூத்தப்பா காட்டிய மூன்று மீன்களுக்குச் சற்றே தெற்கில், மங்கலாக ஒரு சிறு புகைத்திட்டுக் கண்ணுக்குப் புலனாகும். ஓரியன் விண்முகில் என்பது அதன் பெயர். ஏறக்குறைய 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. அதாவது, இன்று நம் கண்ணிற் படும் அதன் ஒளி, அங்கிருந்து புறப்பட்டு 1,350 ஆண்டுகள் ஆயின. அம்முகில் ஒரு பிறப்பிடம். அதனுள்ளே விளங்கும் இளமீன்கள் பலவற்றின் வயது ஒரு சில பத்து இலட்சம் ஆண்டுகளே. சூரியனின் வயது 460 கோடி ஆண்டு என்பதை நினைந்தால், அவை தொட்டிலை விட்டு இறங்காத குழந்தைகள் என்பது புலப்படும்.

இம்முகில் எதனால் ஆனது? பெரும்பகுதி ஐதரசன் வாயு, அடுத்தது ஈலியம், மிகச் சிறு அளவில் தூசு. விண்மீன் தோன்றும் இருண்ட முகிலின் உட்பகுதி கடுங்குளிருடையது. பனிக்கட்டி உறையும் நிலைக்கும் கீழே 260 பாகையளவு குளிர்ந்திருக்கும். குளிர்ந்த வாயுவுக்குத் தன்னைத் தாங்கி நிற்கும் வலிமை குறைவு. ஆதலின், ஓரிடத்திற் சற்றே செறிவு மிகுந்தால், அச்செறிவின் ஈர்ப்பு அயலிலுள்ள வாயுவையும் உள்ளிழுக்கும். இழுக்க இழுக்கச் செறிவு மிகும். செறிவு மிக மிக ஈர்ப்பும் மிகும். செல்வம் உள்ளவனிடத்தே செல்வம் சேருமாறு போல என்க.

அமுக்கப்படும் வாயு சூடேறும். மிதிவண்டிச் சில்லுக்குக் காற்றடிக்கும்போது காற்றடிக்கும் குழாய் சுடுவதை மாணவர் அறிவர். அவ்வாறே முகிலின் நடுவும் சூடேறி, இறுதியில் ஒரு கோடி பாகையளவை எட்டும். அப்பொழுது ஐதரசன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்து ஈலியமாக மாறத் தொடங்குகின்றன. அவ்விணைவிற் சிறிதளவு பொருண்மை சத்தியாக வெளிப்படும். உள்ளிருந்து எழும் வெம்மை வெளியே தள்ள, ஈர்ப்பு உள்ளே இழுக்க, இரண்டும் சமப்படும் நிலையே விண்மீன். நம் சூரியன் விநாடிதோறும் ஏறக்குறைய 60 கோடித் தொன் ஐதரசனை ஈலியமாக மாற்றுகின்றது. அதில் 40 இலட்சம் தொன் பொருண்மை ஒளியும் வெம்மையுமாய் வெளியேறுகின்றது. காலையில் மருதமுனைக் கரையிலே நம் முகத்திற் படும் இளவெயில் அந்தக் கணக்கில் ஒரு துளியாகும்.

களவெட்டியும் கோள்களும்

இனிக் கோள்களின் பிறப்பைக் காண்போம். எங்கள் பக்கத்தில் முன்னாளிற் சூடு மிதித்த முறையை இன்றைய இளைஞர் கண்டிரார். இயந்திரம் வந்தபின் அது மறைந்தது. எருமைக் கடாக்களைப் பிணைத்துக் கதிர்ச்சூட்டின்மீது வட்டமாக ஓட்டுவர். உட்புறத்துக் கடா சிறு வட்டம் நடக்கும். வெளிப்புறத்துக் கடா பெருவட்டம் நடக்கும். ஆனால் எல்லாம் ஒரே திசையிலேயே சுற்றும். எதிர்த்துச் சுற்றுவது ஒன்றுமில்லை.

சூரியனைச் சுற்றும் கோள்களும் இத்தகையனவே. புதன் தொடங்கி நெப்டியூன் ஈறாக எட்டும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே தளத்தில் இயங்குகின்றன. இது தற்செயலாக அமைந்திருத்தல் கூடுமா? இவ்வினாவே 1755ஆம் ஆண்டில் ஜேர்மானிய மெய்யியலாளர் கான்டையும், 1796ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்பிளாசையும் சிந்திக்கத் தூண்டிற்று. சூரியனும் கோள்களும் சுழலும் முகில் ஒன்றிலிருந்தே பிறந்தன என்பது அவர்கள் துணிபு.

கயிற்றிற் கல்லைக் கட்டிச் சுழற்றும் சிறுவன், கயிற்றை உள்ளே இழுத்தாற் கல்லின் வேகம் மிகுவதைக் காண்பான். சுருங்கும் முகிலும் அவ்வாறே விரைந்து சுழலும். சுழற்சி, பக்கவாட்டிலிருந்து வரும் வாயு நடுவில் விழுவதைத் தடுக்கும்; மேலிருந்தும் கீழிருந்தும் வருவதைத் தடுக்காது. ஆகவே முகில் தட்டையாகி, நடுவே இளஞ் சூரியனும் சுற்றிலும் ஒரு தட்டுமாக அமையும். அத்தட்டில் தூசு தூசோடு ஒட்டிப் பரலாகும். பரல் திரண்டு பாறையாகும். பாறைகள் மோதியும் இணைந்தும் கோள்களாகும்.

கோள் என்பது 'கொள்' என்னும் வினையடியிற் பிறந்த சொல். ஒளியைக் கொள்வதாற் கோள் என்று முன்பெல்லாம் மாணவர்க்கு விளக்குவேன். தன் பாதையிற் கிடந்ததையெல்லாம் கொண்டு கொண்டு வளர்ந்ததும் கோளே என்று இப்போது சேர்த்துச் சொல்லுகின்றேன். சொல்லைப் படைத்தோர் இதனைக் கருதினர் என்று யான் கூறவில்லை. சொல் இடங்கொடுக்கின்றது என்றே கூறுகின்றேன்.

புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கும் சிறியவை, கல்லாலும் உலோகத்தாலும் ஆனவை. அப்பாலுள்ள நான்கும் பெரியவை. வாயுவும் பனியும் மிக்கவை. வியாழன் ஒன்றே பூமியைப் போல 318 மடங்கு பொருண்மை உடையது. இதன் காரணம் யாது? பொலி தூற்றும்போது நெல் அருகே விழ, பதர் தொலைவிற் போவதை இதற்கு உவமை சொல்லலாமா என்று என் மாணவியைக் கேட்டேன். "பாதி சரி சேர்" என்றாள். தூற்றுவது காற்று, இங்கே பிரித்தது முதன்மையாக வெம்மை. சூரியனை அண்டிய இடத்தில் நீர் உறைய இயலாது. கல்லும் இரும்பும் மட்டுமே திண்மமாய் எஞ்சும். ஓர் எல்லைக்கு அப்பால் நீரும் பனிக்கட்டியாய்த் திரளும். ஆகவே அங்கே கட்டுமானப் பொருள் மிகுதி. கோளின் கருவும் பெரிது. அக்கரு சுற்றியிருந்த வாயுவையும் ஈர்த்துக்கொண்டது. சொல்லாசிரியனின் உவமையை விஞ்ஞான ஆசிரியை திருத்திய இடம் இது. அவள் சிவப்பு மை எடுத்திலள் என்பதையும் குறித்தல் வேண்டும்.

இத்தட்டுக்கள் வெறுங் கற்பனையல்ல. ஓரியன் விண்முகிலிலேயே ஹபிள் தொலைநோக்கி, தட்டுச் சூழ்ந்த இளமீன்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் காட்டிற்று. இத்துறையில் நம் நாட்டவர் ஒருவரின் பங்கும் உண்டு. இலங்கையிற் பிறந்த ரே ஜயவர்தன, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த காலத்தில், 1998ஆம் ஆண்டிலே, தம் குழுவினருடன் சிலி நாட்டுத் தொலைநோக்கி வாயிலாக எச்.ஆர். 4796 ஏ என்னும் இளமீனைச் சுற்றி ஒரு தூசுத்தட்டைக் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களைக் கொண்டு கண்ட காட்சி அது. அதே காலத்தில் ஹவாய்த் தீவிலிருந்து வேறொரு குழுவினரும் அதனைத் தனித்துக் கண்டனர். அத்தட்டின் உட்புறம் வெறுமையாயிருந்தது. அங்கிருந்த தூசைக் கோள்கள் திரட்டிக்கொண்டனவோ என்னும் எண்ணத்தை அவ்வெறுமை எழுப்பிற்று. பத்து ஆண்டு கழித்து, 2008 இல், அவர் சேர்ந்திருந்த குழு, சூரியனை ஒத்த இளமீன் ஒன்றின் அருகே வியாழனைப் போல எட்டு மடங்கு பொருண்மையுள்ள துணையொன்றைப் படம்பிடித்துக் காட்டியது.

1998 என்னும் ஆண்டை வாசகர் மறந்திரார். விண்மீன் குடும்பம் ஒன்றின் பிறப்பை நம் நாட்டு இளைஞர் ஒருவர் உலகுக்குக் காட்டிய அதே ஆண்டிலேதான், இக்கரையில் யான் அப்பிறப்பை வழு என்று அடித்துக்கொண்டிருந்தேன்.

2014 இல் சிலியின் உயர்ந்த பாலைநிலத்திலுள்ள அல்மா வானலைத் தொலைநோக்கித் தொகுதி, எச்.எல். டாரி என்னும் இளமீனின் தட்டை வளையம் வளையமாகப் படம்பிடித்தது. வளையங்களின் இடைவெளிகள், வளரும் கோள்கள் உழுத சால்கள் எனப் பலரும் கருதுகின்றனர். பிறமீன்களைச் சுற்றும் கோள்களோ இன்று ஆறாயிரத்தளவு கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள், சூரியனை ஒத்த மீனைச் சுற்றுவதாக 1995 இல் முதன்முதற் கண்ட கோள், விஞ்ஞானிகளையே திகைக்க வைத்தது. வியாழனையொத்த அப்பெருங்கோள் தன் மீனை நான்கே நாளிற் சுற்றிவந்தது. பெருங்கோள் தொலைவிலன்றோ பிறத்தல் வேண்டும்? பிறந்தபின் கோள்கள் இடம் பெயர்தலும் உண்டு என்று கொள்கை திருத்தப்பட்டது. கண்டது கொள்கைக்கு மாறாயின், கண்டதை அடித்துவிடாது கொள்கையைத் திருத்துவதே விஞ்ஞானத்தின் மரபு.

இக்கோள்களுள் ஒன்றுக்கு இலங்கை பெயரிட்டது என்பதும் அறியத்தக்கது. சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டு விழாவை ஒட்டி, 2019 இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மீனையும் அதன் கோளையும் பெயரிடும் உரிமையை வழங்கிற்று. எச்.டி. 205739 என்னும் மீன் 'சாமய' எனவும், அதன் கோள் 'சமகிய' எனவும் பெயர் பெற்றன. முன்னது அமைதி, பின்னது ஒற்றுமை. போரையும் கடலையும் கண்ட கரையிலிருந்து அப்பெயர்களை நோக்கும்போது, அவை வானிலன்றி மண்ணிலும் வழங்குதல் வேண்டும் என்று நெஞ்சம் விழைகின்றது.

அடிக்கப்பட்ட விடைகள்

என் மனச்சுமையைச் சற்றே இறக்கி வைத்த இரு வரலாறுகளை இனிச் சொல்லுகின்றேன்.

வங்காளத்து அறிஞர் மேகநாத சாஹா, விண்மீனின் ஒளியிலிருந்து அதன் வெம்மையை அறிதற்குரிய சூத்திரத்தை 1920 இல் வகுத்தார். அதனைக் கருவியாகக் கொண்டு, சிசிலியா பெய்ன் என்னும் இளம்பெண், விண்மீன்கள் பெரும்பாலும் ஐதரசனாலானவை என்று 1925ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டிற் கண்டார். விண்மீன்களும் பூமி போன்ற பொருள்களாலேயே ஆனவை என்று கற்றோர் நம்பிய காலம் அது. முதிர்ந்த வானியலார் ஹென்றி நோரிஸ் ரசல் அது பொருந்தாது என்றார். ஆகவே அப்பெண் தாம் கண்ட உண்மையையே, உண்மையாயிருத்தல் அரிது எனத் தம் ஏட்டில் எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுக்குப் பின் ரசல் தாமே ஆராய்ந்து, பெய்ன் சொன்னதே சரியென ஒப்புக்கொண்டார்.

மற்றையது தமிழர் ஒருவரின் வரலாறு. சர் சி. வி. இராமனின் உடன்பிறந்தார் மகனாகிய சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 இல் லாகூரிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்றவர். 1930 இல், பத்தொன்பது வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்து நோக்கிக் கப்பலிற் செல்லும்போது, விண்மீன்களின் முடிவைப் பற்றிக் கணக்கிட்டார். எரிபொருள் தீர்ந்த மீன் சுருங்கி, பூமியளவான வெண்குள்ளனாக அமைதியடையும் என்பது அக்காலக் கொள்கை. அங்ஙனம் அமைதியடைதற்கு ஓர் எல்லை உண்டு. எஞ்சிய பொருண்மை சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்டால், சுருக்கம் நில்லாது என்று அவர் கண்டார். 1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆந் திகதி, இலண்டன் அரச வானியற் கழகத்தில் அதனை எடுத்துரைத்தபோது, பேரறிஞர் எடிங்டன் எழுந்து, இயற்கை அத்தகைய பொருத்தமில்லாத செயலுக்கு இடங்கொடாது என எள்ளி நகையாடினார். இளைஞர் சினந்திலர்; தம் கணக்கையும் கைவிட்டிலர். அவ்வெல்லை இன்று 'சந்திரசேகர் எல்லை' என வழங்குகின்றது. 1983 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1995 இல் அவர் மறைந்தார்.

எடிங்டன் அறிவிலாதவரல்லர், ரசலும் அல்லர். தாம் அறிந்ததே அறிவின் எல்லை என்று ஒரு கணம் எண்ணிவிட்டனர். ஆசிரியர் எவர்க்கும் அக்கணம் வாய்த்தல் கூடும். எனக்கும் வாய்த்தது.

விதைநெல்

விண்மீனின் முடிவு அதன் பொருண்மையைப் பொறுத்தது. நம் சூரியன் இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகள் ஒளிவிடும். பின்னர்ப் பருத்துச் சிவந்து புதனையும் வெள்ளியையும் விழுங்கி, மேற்போர்வைகளை உதறி, வெண்குள்ளனாய் ஆறியடங்கும். பெருமீன்களோ பேரளவில் எரித்து விரைவில் முடிவன. பெருஞ்செலவாளன் பெரும்பொருள் பெற்றும் விரைவில் வறியனாவதுபோல என்க. திருவாதிரை அத்தகையது. ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டே வயதாயினும் அதற்குள் அது முதுமையுற்றது. சூரியன் இருக்கும் இடத்தில் அதனை வைத்தால், செவ்வாயின் பாதைக்கும் அப்பாற் பரந்து நிற்கும். 2019ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அது வழமைக்கு மாறாக மங்கியது. வெடிக்கப்போகின்றதோ என உலகம் அண்ணாந்து நோக்கிற்று. தானே உமிழ்ந்த தூசு முகிலால் அது மறைந்தது எனப் பின்னர் அறிந்தனர். ஆயினும் ஓர் இலட்சம் ஆண்டளவில் அது வெடித்தே தீரும் என்பது வானியலார் கணிப்பு.

பெருமீனின் உள்ளே ஈலியத்திலிருந்து காபனும், காபனிலிருந்து மேலும் கனமான பொருள்களும் உண்டாகி, இறுதியில் இரும்பு தோன்றும். இரும்பை இணைத்தாற் சத்தி பிறவாது. ஆகவே அங்கே அடுப்பு அணையும், தாங்குவார் இன்மையால் நடுப்பகுதி நொறுங்கும், மேற்பகுதி சிதறும். இது சூப்பர்நோவாவின் ஒரு வகை. 1006 இல் எகிப்து நாட்டு மருத்துவர் அலி இப்னு ரித்வான் சூப்பர்நோவா ஒன்றைக் கண்டு எழுதி வைத்தார். 1987ஆம் ஆண்டு பெப்ரவரியில் தென்வானத்திலே தோன்றிய ஒன்றை நம் தலைமுறையினரும் கண்டனர். நொறுங்கிய நடுப்பகுதி நியூத்திரன் விண்மீனாகவோ கருந்துளையாகவோ எஞ்சும்.

சிதறியவை என்னாகும்? அவை விண்முகில்களிற் கலந்து, அடுத்த தலைமுறை மீன்களுக்கும் கோள்களுக்கும் பொருளாகும். நம் குருதியிலுள்ள இரும்பும், எலும்பிலுள்ள கல்சியமும், நாம் உயிர்க்கும் ஒட்சிசனும் சூரியன் தோன்றுதற்கு முன்னே மடிந்த மீன்கள் விட்டுச் சென்றவை. அறுவடை எத்துணைக் குறைவாயினும், அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்து வையாத வேளாளன் இல்லை. விண்மீன் தன்னை அழித்தே விதைநெல்லை வைக்கின்றது.

வழாநிலை

கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிலே 1892 இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். இரண்டையும் ஒருங்கே கற்றமையாலேதான், ஒலியின் கணக்கைக் கொண்டு பழந்தமிழர் யாழை ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலைத் தர அவருக்கு இயன்றது. அவர் நடந்த கரையில் வாழும் நாமோ, தமிழ் வேறு விஞ்ஞானம் வேறு எனச் சுவர் எழுப்பிவிட்டோம். கலைப்பிரிவு மாணவன் வானைப் பாடுகின்றான். அஃது என்னவென்று அறியான். விஞ்ஞானப்பிரிவு மாணவன் வானை அறிகின்றான். அதனைச் சொல்லச் சொல்லின்றித் தடுமாறுகின்றான். இருவர்க்கும் இடையில் நிற்கும் ஆசிரியர் எட்டிப் பார்த்தல் வேண்டும்.

அண்மையில் ஒரு மாசி மாலை, என் மாணவி தன் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்திருந்தாள். கரைவலைத் தோணி ஒன்றின் அருகே சிறு தொலைநோக்கியை நிறுத்தி, மூன்று மீன்களின் கீழுள்ள விண்முகிலைக் காட்டினாள். ஒரு சிறுவன் நோக்கிவிட்டு, "படத்தில உள்ள மாதிரி நிறம் இல்லையே டீச்சர்" என்றான். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. நெடுநேரம் ஒளியைத் தேக்கி எடுக்கும் படத்திலேயே அது புலப்படும் என்று அவள் விளக்கினாள். பின்னர் யான் நோக்கினேன். சாம்பல் நிறத்தில் ஒரு புகை. நடுவே நெருங்கி நின்ற நான்கு சிறு பொறிகள். ஆதிமுதல் அப்படியே இருப்பவை என்று மூத்தப்பா காட்டிய வானத்தின் நடுவிலேயே, புதிதாய்ப் பிறந்தவை நின்று ஒளிர்ந்தன.

இலக்கணத்திலே வழு உண்டு, வழுவமைதி உண்டு, வழாநிலையும் உண்டு. உள்ளதை உள்ளவாறு சொல்வது வழாநிலை. விண்மீன்கள் பிறந்து வளர்ந்து மடிகின்றன என்னும் வாக்கியம் வழுவன்று, அமைத்துக்கொள்ளத்தக்க வழுவமைதியும் அன்று, வழாநிலையே. அந்தக் கொப்பி இருந்திருப்பின், அதன் ஓரத்தில் அங்ஙனம் எழுதி, குறைத்த இரு புள்ளிகளையும் திருப்பிக் கொடுத்திருப்பேன். கொப்பி இல்லாமையால் ஈண்டு எழுதி வைக்கின்றேன்.